ஒன்பது பேர், ஏழு நாள்: ஆள் கணக்கைக் கணினியில் போடுவோம்



உணவகம், தையல் கூடம், பேக்கரி என்று குழுவாகத் தொழில் நடத்தும் நமக்கு, மாதக் கடைசியில் கையைக் கடிப்பது பெரும்பாலும் கூலிக் கணக்குதான். ஒரு நாள் கூட்டம் அலைமோதும், ஆள் பத்தாது. மறுநாள் ஆள் இருக்கும், வேலை இருக்காது. இரண்டு நாளுக்கும் கூலி ஒன்றுதான். இதைச் சீர்செய்ய எக்ஸலில் 'சால்வர்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

ஓர் உதாரணம்

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மகளிர் உணவகம் என்று வைத்துக்கொள்வோம். தேவையான ஆட்கள்: திங்கள் 6, செவ்வாய், புதன், வியாழன் தலா 5, வெள்ளி 7, சனி 9, ஞாயிறு 8. ஒரு நாள் கூலி 400 ரூபாய்.

சனிக்கிழமைக்கு 9 பேர் வேணுமே என்று தினமும் 9 பேரை வரச் சொன்னால் வாரத்துக்கு 63 ஆள் கூலி, அதாவது 25,200 ரூபாய். ஆனால் தேவையைக் கூட்டிப் பாருங்கள், 45 ஆள்தான். 18,000 ரூபாய் போதும்.

ஒவ்வொருவருக்கும் தொடர்ந்து 5 நாள் வேலை, 2 நாள் ஓய்வு என்று வைப்போம். யாருக்கு எந்த நாள் ஓய்வு? பேப்பரில் போட்டால் சனி சரியாகும்போது புதன் இடிக்கும். இங்கேதான் சால்வர் கைகொடுக்கும்.

எப்படிப் போடுவது?

1. எந்தக் கிழமை எத்தனை பேர் வேலை தொடங்குகிறார்கள் என்பதற்கு 7 கட்டங்களைக் காலியாக விடுங்கள்.

2. பக்கத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கூட்டல் போடுங்கள். திங்களன்று இருப்பவர்கள் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் தொடங்கியவர்கள். மற்ற நாட்களுக்கும் இப்படியே.

3. மொத்த ஆட்கள் × 5 × 400 என்று செலவுக்கு ஒரு கட்டம்.

4. 'டேட்டா' மெனுவில் சால்வரைத் திறந்து, செலவுக் கட்டத்துக்கு 'மின்' என்று கொடுங்கள். மாற வேண்டியவை அந்த 7 கட்டங்கள். நிபந்தனைகள்: ஒவ்வொரு நாளும் தேவைக்குக் குறையக் கூடாது, எண்ணிக்கை முழு எண்ணாக, பூஜ்யத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முறையில் 'சிம்ப்ளெக்ஸ் எல்.பி.' தேர்ந்தெடுங்கள்.

மெனுவில் சால்வர் இல்லையென்றால் 'ஆட்-இன்ஸ்' பகுதியில் சேர்க்கலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இது உண்டு.

விடை: செவ்வாய் தொடங்குபவர் 1, புதன், வியாழன், வெள்ளி, சனி தலா 2. அதே 9 பேர்தான்! எந்த நாளும் ஆள் குறையாது, மிஞ்சாது.

சொல்ல வேண்டியது நாம்தான்

தேவையான ஆட்கள் என்ற நிபந்தனையைப் போடாமல் விட்டுப் பாருங்கள். "ஒருத்தரும் வேண்டாம், செலவு 0" என்றே விடை வரும். நாம் எழுதாததை அது மதிக்காது. தினமும் ஒரு சமையல் தெரிந்தவர் இருக்கணும் என்றால் அதையும் நிபந்தனையாக எழுதணும். இந்த விடையில் சனி ஓய்வு யாருக்கும் இல்லை, ஞாயிறு ஓய்வு ஒருவருக்கு மட்டுமே. அதனால் மாதம் ஒருமுறை முறை மாற்றிக்கொள்வது நல்லது.

இன்னொன்று. மிச்சமாகும் 7,200 ரூபாய் நம் உறுப்பினர்களின் கூலியிலிருந்துதான் வருகிறது. 7 நாளுக்கு 2,800 வாங்கியவருக்கு 5 நாளுக்கு 2,000தான் கிடைக்கும். கூலியை 500 ஆக உயர்த்தினால் அவருக்கு 2,500 கிடைக்கும், 2 நாள் ஓய்வும் உண்டு. குழுவுக்கும் செலவு 22,500தான், 2,700 மிச்சம். எவ்வளவு குழுவுக்கு, எவ்வளவு உழைப்பவருக்கு என்பதைக் கணினி சொல்லாது. கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் வேலையாக, எந்தக் கிழமை எத்தனை பேர் உண்மையிலேயே தேவைப்பட்டார்கள் என்று நான்கு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள். அந்தக் கணக்கு சரியாக இருந்தால்தான் விடையும் சரியாக வரும்.