மலிவும் நலிவும்: அரசு மருத்துவமனைகளின் மருந்துக் கொள்முதல்

சந்தையில் மண்சட்டி வாங்கும் பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? விலை கேட்பதற்கு முன்பே சட்டியைக் கையிலெடுத்து விரலால் தட்டிப் பார்ப்பாள். ஓசை சரியில்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். நல்ல சட்டி தந்த குயவரை நினைவில் வைத்திருந்து அடுத்த முறையும் அவரிடமே போவாள். வணிகவியல் நூல்கள் 'வழங்குநர் மதிப்பீடு' என்று பல பக்கங்களில் விளக்குவதன் சாரம் இதுதான்.

ஆனால் அரசு மருத்துவமனையில் சீட்டைக் காட்டி மாத்திரை பெறும் நோயாளி எதைத் தட்டிப் பார்ப்பார்? அவருக்கு வேறு கடையும் இல்லை, வேறு சரக்கும் இல்லை. கொடுத்ததை நம்பி விழுங்க வேண்டியவர் அவர். ஆகவே அவருக்காகத் தட்டிப் பார்க்கும் பொறுப்பு கொள்முதல் செய்பவரைச் சேர்ந்ததாகும்.

இந்தப் பொறுப்பு தவறினால் என்ன நேரும் என்பதற்கு 1986ஆம் ஆண்டு பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நடந்த கொடுமையே சான்று. நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்ட கிளிசராலில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது. 14 பேர் உயிரிழந்தனர். இதனை விசாரித்த நீதிபதி லெண்டின் ஆணையம், மருத்துவமனையின் கொள்முதல் முறையையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மேற்பார்வையையும் கடுமையாகக் கண்டித்தது.

கொள்முதலின் திறனை அளக்கும் கோல்கள் நான்கு: தரம், விலை, காலம், அளவு. சரியான தரமுள்ள பொருள், நியாயமான விலையில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு கிடைக்க வேண்டும். விலை ஒன்றையே பார்த்தால் மற்ற மூன்றும் நழுவிவிடுவது மட்டுமன்றி, முடிவில் விலையும் நழுவிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மருத்துவமனைக்கு 10 லட்சம் மாத்திரைகள் தேவை. முதலாமவர் மாத்திரை ஒன்றுக்கு 40 காசும், இரண்டாமவர் 44 காசும் கேட்கின்றனர். முதலாமவரைத் தேர்ந்தால் 40,000 ரூபாய் மிச்சம். ஆனால் அவர் 8 லட்சம் மாத்திரைகளை மட்டும் அனுப்பிவிட்டுக் கைவிரிக்கிறார். எஞ்சிய 2 லட்சத்தை அவசரமாக வெளிக்கடையில் 1 ரூபாய் வீதம் வாங்க நேர்கிறது. மொத்தச் செலவு 5,20,000 ரூபாய். இரண்டாமவரிடம் வாங்கியிருந்தால் 4,40,000 ரூபாயில் முடிந்திருக்கும். மிச்சம் என்று எண்ணியது 80,000 ரூபாய் நட்டமாகிவிட்டது. இடைப்பட்ட நாள்களில் மருந்தின்றித் திரும்பியவர்களின் துன்பத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இதற்கு வழிகாட்டும் முறையொன்று நம் மாநிலத்திலேயே உண்டு. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்வது இதன் பணி. இங்கு மதிப்பீடு மூன்று கட்டங்களில் நிகழ்கிறது.

முதலாவது, வாங்குமுன். ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறைகளில் பெறப்படுகிறது. முதல் உறையில் உற்பத்தி உரிமம், நல்ல உற்பத்தி முறைச் சான்று, ஆண்டு விற்பனை, முன் அனுபவம் ஆகியவற்றுக்கான ஆவணங்கள் இருக்கும். இதில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே பிரிக்கப்படும். தகுதியற்றவரின் மலிவு விலை கண்ணில் படுவதே இல்லை!

இரண்டாவது, சரக்கு வந்தபின். 'பேட்ச்' எனப்படும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவரின் பெயரை மறைத்து, இரகசிய எண்ணிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகின்றனர். நம் விடைத்தாள்களுக்குப் பொய்யெண் இடுவதைப் போன்றதே இது. தேறாத தொகுதி நோயாளியின் கைக்குச் செல்லாது.

மூன்றாவது, கணக்கு முடிக்கும்போது. தாமதத்துக்குப் பிடித்தம் உண்டு. தரம் தவறியவர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தங்களிலிருந்து விலக்கப்படுவார். நேற்றைய நடத்தை நாளைய வாய்ப்பைத் தீர்மானிக்கிறது என்பதை வழங்குநர் உணரும்போதுதான் மதிப்பீட்டுக்கு உயிர் வருகிறது. கேரளம், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களும் பின்னர் இத்தகைய கழகங்களை அமைத்துக்கொண்டன.

எனினும் மதிப்பீட்டுக்கும் அளவு வேண்டும். நிபந்தனைகளை வரம்பின்றி இறுக்கினால் போட்டியிடுவோர் குறைவர், விலை ஏறும். ஒரு மருந்துக்கு ஒரே வழங்குநர் இருக்கையில் அவரை விலக்கினால் அலமாரி காலியாகும். மேலும், நாம் வழங்குநரை எடைபோடுவதைப் போல அவரும் நம்மை எடைபோடுகிறார். பணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் மருத்துவமனைக்கு நல்ல நிறுவனங்கள் விலைப்புள்ளி தரத் தயங்கும்; தருபவரும் தாமதத்துக்கான வட்டியை விலையில் ஏற்றியே தருவார். உரிய நாளில் பணம் கொடுப்பதும் நல்ல கொள்முதலின் ஒரு கூறே.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை ஏதேனும் ஒரு மருத்துவமனையின் பண்டகக் காப்பாளராகவோ கணக்கராகவோ அமரக்கூடும். வந்த சரக்கின் தேதியையும், குறைந்த எண்ணிக்கையையும், ஆய்வு முடிவையும் பதிவேட்டில் ஒழுங்காக எழுதுவது சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பதிவுகள் இல்லையேல் எந்த மதிப்பீடும் இல்லை. தட்டிப் பார்க்க வழியில்லாத ஒரு நோயாளிக்காக நாம் தட்டிப் பார்த்ததன் ஓசையே அந்த வரிகள்.