ஆளுக்கொரு பக்கம்

தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் நூல் தொடங்குவதற்கு முன்னால் சில வரிகள் இருக்கும். தட்டச்சு செய்தவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்று பெயர்கள். ஒருவர் அமெரிக்காவில் இருப்பார், இன்னொருவர் தமிழ்நாட்டில். பலர் அவசரமாகக் கடந்துபோகும் இந்த வரிகளை நான் நின்று படிப்பேன். முகம் பார்த்திராத மனிதர்கள் சேர்ந்து எனக்காகச் செய்த வேலையின் சாட்சி அது.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்னின்றார். அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் தோள்கொடுத்தார். சம்பளம் கிடையாது. மின்னஞ்சலில் பேசி, வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு, ஓய்வு நேரத்தில் தட்டினார்கள். வரிசையில் முதல் நூல் திருக்குறள்.

இணையம் இல்லாத காலத்தில் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஓலை தேடி அலைந்து 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவருக்கும் சுவடி தந்தவர்கள், ஒப்புநோக்க உதவியவர்கள் இருந்தார்கள். ஆனால், ஒவ்வொருவரையும் அவரே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இணையத்தில் உதவ நினைப்பவர் தானே வந்து சேர்கிறார். பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

இணைய வேலையின் தொடக்கத்தில் ஒரு வினோதத் தடையும் இருந்தது. எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை. ‘மயிலை’ என்ற எழுத்துருவில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். சேர்ந்து வேலை செய்ய முதலில் எழுத்து ஒன்றாக வேண்டும். பல நாட்டுத் தமிழர்கள் இணையத்திலேயே விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டுக்கு வந்தார்கள். பிறகு யூனிகோடு வந்து அந்தச் சிக்கலைத் தீர்த்தது.

இன்று, யாரும் திருத்தக்கூடிய இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் வேலை வேறு விதம். நாட்டுடைமையாக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட நூல்களின் ஒளிவருடல்கள் அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. படத்திலிருக்கும் எழுத்தைக் கணினியே வாசித்துத் தந்துவிடுகிறது. ஆனால் அது வாசிக்கும் லட்சணத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்ளும். ‘நாடு’ ‘நரடு’ ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால், தும்பிக்கை வளைவோடு வரும் பழைய ‘லை’, ‘னை’ எல்லாம் அதைத் திணறடிக்கும். ‘நரடு’ என்று கிடக்கும்வரை ‘நாடு’ என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது.

அதனால்தான் அங்கே வண்ணங்கள். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மூலப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். இன்னொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. இரண்டாவது ஆள் வந்தே தீர வேண்டும். தனியொருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு பக்கத்தைக்கூட முழுதாக முடிக்க முடியாத இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

இதற்கு நேர்மாறானது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ஒரு கவிதை வருகிறது. எழுதியவர் பெயர் போய்விட்டது, அல்லது பாரதியார் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த நூல், எந்தப் பதிப்பு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தட்டில் நூறு பேருக்குப் போய்விடுகிறது. மதுரைத் திட்டம் தன் நூல்களை யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்கிறது. முகப்புப் பக்கத்தை நீக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. உழைத்தவர் பெயரை வெட்டி எறிந்துவிட்டு அனுப்புவதைப் பகிர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விக்கிமூலத்தில் சிவப்பில் நிற்கும் பக்கங்கள் இன்னும் ஏராளம். கணினி நிபுணத்துவம் தேவையில்லை. தமிழ் வாசிக்கவும் தட்டவும் தெரிந்தால் போதும். உங்களுக்குப் பிடித்த ஆசிரியரின் நூல் ஒன்றைத் திறந்து, இன்று இரவு ஒரே ஒரு பக்கத்தை மஞ்சளாக்குங்கள். பச்சையாக்க வேறொருவர் வருவார்.