எதிரிகள் குறையக் குறைய வேகம் எகிறுவது ஏன்? 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமை உருவாக்கிய நிஷிகாடோ யார்?

திரையின் மேலே வரிசை கட்டி நிற்கும் ஏலியன்கள். கீழே ஒற்றை பீரங்கி. சுடச் சுட எதிரிகள் குறைவார்கள். ஆனா, மிச்சம் இருப்பவர்களின் வேகம் எகிறிக்கொண்டே போகும். கடைசி ஏலியனை அடிப்பதற்குள் விளையாடுபவருக்கு வியர்த்துவிடும்!

1978-ல் ஜப்பானில் வெளியாகி உலகையே கலக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேம்தான் இது. அதன் த்ரில்லுக்குக் காரணமான அந்த வேகம், முதலில் திட்டமிட்டு வைத்ததே இல்லை. சிப் திணறியதால் தானாக வந்தது. அதை அப்படியே விட்டுவைத்தவர் டோமோஹிரோ நிஷிகாடோ.

யார் இந்த நிஷிகாடோ?

1944-ல் ஒசாகாவில் பிறந்தவர். டோக்கியோவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, 1960-களின் இறுதியில் டைட்டோ குழுமத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அங்கே வீடியோ கேமே கிடையாது. மோட்டார், கண்ணாடி, விளக்கு வைத்து ஓடும் மெஷின்கள்தான்.

1972-ல் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 'பாங்' கேமை வெளியிட்டது. அதன் சர்க்யூட்டை ஆராய்ந்து, எப்படி இயங்குகிறது என்று தானே கற்றுக்கொண்டார் நிஷிகாடோ. 1973-ல் 'சாக்கர்', 1974-ல் ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் 'ஸ்பீடு ரேஸ்', 1975-ல் 'வெஸ்டர்ன் கன்' என அடுத்தடுத்து கேம்களை உருவாக்கினார்.

திருப்புமுனை எது?

'வெஸ்டர்ன் கன்' கேமை வாங்கிய அமெரிக்காவின் மிட்வே நிறுவனம், அதை இன்டெல் 8080 மைக்ரோபிராசஸரில் ஓடுவதுபோல மாற்றி வெளியிட்டது. அதில் உருவங்கள் அசைந்த விதத்தைப் பார்த்த நிஷிகாடோ, இனி மைக்ரோபிராசஸர்தான் என்று முடிவெடுத்தார்.

அடுத்த கேமுக்கு சுமார் ஒரு வருடம் உழைத்தார். டிசைன், ஓவியம், சர்க்யூட், புரோகிராம் எல்லாமே அவர் கைவண்ணம்தான். புரோகிராம் எழுதத் தேவையான கருவிகளைக்கூட அவரே உருவாக்க வேண்டியிருந்தது.

முதலில் டாங்கி, விமானம் என எதிரிகளை வரைந்து பார்த்தார். அசைவு சரியாக வரவில்லை. மனித உருவம் நன்றாக அசைந்தது. ஆனால், மனிதர்களைச் சுடும் கேம் வேண்டாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அதனால் ஏலியன்கள் வந்தார்கள். நண்டு, ஆக்டோபஸ், கணவாய் ஆகியவைதான் மாடல்!

வேகம் கூடியது எப்படி?

திரையில் மொத்தம் 55 ஏலியன்கள். ஒரு நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஏலியனை மட்டும்தான் புரோகிராம் நகர்த்தும். அப்படியென்றால் 55 ஏலியன்களும் ஆளுக்கு ஓர் அடி நகர, கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும்.

பாதிப் பேரைச் சுட்டுவிட்டால்? அரை நொடியிலேயே ஒரு சுற்று முடிந்துவிடும். கடைசியாக ஒருவர்தான் மிச்சம் என்றால், அவர் மட்டுமே நொடிக்கு 60 முறை நகர்வார். சிப்புக்குச் சுமை குறைந்தது, எதிரிக்கு வேகம் கூடியது. அவ்வளவுதான் விஷயம்.

இதைக் குறை என்று நினைத்து அவர் சரி செய்திருக்கலாம். ஆனா, ஆட்டம் போகப் போகக் கடினமாவதுதான் சுவாரசியம் என்று விட்டுவிட்டார். கூடவே ஒலிக்கும் நான்கு சுர ஓசையும் இதயத்துடிப்பு மாதிரி வேகமெடுக்கும்.

நாணயத் தட்டுப்பாடு வந்தது உண்மையா?

ஜப்பானில் இந்த கேமுக்காக மட்டுமே 'இன்வேடர் ஹவுஸ்' என்ற பெயரில் தனிக் கடைகள் முளைத்தன. காபி கடை மேஜைகளிலும் மெஷின்கள் வந்தன. மக்கள் காசு போட்டுப் போட்டு, நாட்டில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கேம் சக்கைப்போடு போட்டது உண்மை.

பெயர் மட்டும் வெளியே வரவில்லை!

அந்தக் காலத்தில் கேம் நிறுவனங்கள், உருவாக்கியவர்களின் பெயரை வெளியே சொல்வதில்லை. திரையில் நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். அதனால் கேமை உலகமே அறிந்தும், நிஷிகாடோவைப் பல வருடங்கள் பெரும்பாலானோருக்குத் தெரியவில்லை. பதவி உயர்வு கிடைத்தது. ஆனால், மற்றவர்களை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு என்பதால், தானே உட்கார்ந்து கேம் உருவாக்கும் வேலை குறைந்துபோனது.

1990-களில் டைட்டோவை விட்டு வெளியேறி 'டிரீம்ஸ்' என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். பின்னர் ஆலோசகராக டைட்டோவுக்கே திரும்பினார்.

இன்று மொபைலில் எந்த கேமைத் திறந்தாலும், போகப் போக வேகமும் சவாலும் கூடுவது சாதாரணம். அதைக் கோடிக்கணக்கானோருக்குப் பழக்கிய கேம்களில் முக்கியமானது, ஒவ்வொரு ஏலியனாக நகர்த்திய அந்தப் பழைய சிப்பில் ஓடியதுதான்.