அடுக்குப் பீங்கானும் திடீர் அதிர்ச்சியும்

எரிவாயு அடுப்பை மூட்டுவதற்கு 'டக்' என்ற ஓசையுடன் பொறி தரும் லைட்டரை நாள்தோறும் கையாளுகிறோம். அதில் மின்கலம் இல்லை. கம்பி இணைப்பும் இல்லை. பொறி எங்கிருந்து பிறக்கிறது? பொத்தானை அழுத்தும்போது உள்ளேயுள்ள சுருள்வில் இறுகுகிறது. ஓரெல்லையில் அது விடுபட, சிறு சுத்தியலொன்று பீங்கான் துண்டின்மீது மோதுகிறது. அந்த மோதலால் பீங்கானில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் எழுகின்றது.

அழுத்தினால் மின்சாரம் தோன்றும் இவ்வியல்பைக் குவார்ட்சு முதலிய படிகங்களில் 1880-இல் பியேர் கியூரியும் அவர் தமையனார் ழாக் கியூரியும் கண்டறிந்தனர். மின்சாரம் செலுத்தினால் அப்பொருள் நீளவோ சுருங்கவோ செய்யும் என்பதும் அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. முதல் உலகப் போர்க் காலத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் முயற்சியில், பால் லாஞ்சவின் என்னும் பிரெஞ்சு அறிஞர் குவார்ட்சுத் துண்டுகளை இரண்டு எஃகுத் தகடுகளுக்கிடையே பொருத்தி, நீருக்குள் ஒலியலைகளை எழுப்பினார். அழுத்த மின்பொருளை அடுக்கடுக்காக அமைக்கும் வழக்கம் அக்காலம் முதற்கொண்டே உள்ளது எனலாம். இன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள பீங்கான் ஏடுகள் நூற்றுக்கணக்கில், இடையிடையே மெல்லிய உலோகப் பூச்சுடன், ஒரே கட்டியாகச் சுடப்படுகின்றன. ஏடு மெலியமெலியக் குறைந்த மின்னழுத்தமே அதனை இயக்கப் போதுமானதாகிறது.

ஆனால் பீங்கான் பீங்கான்தானே! எஃகில் விரிசல் விழுந்தால், அதன் நுனியிலுள்ள உலோகம் சற்றே நெகிழ்ந்து கொடுத்து விரிசலை மழுங்கச் செய்யும். பீங்கானுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இவ்வளவு மெல்லிய பொருளுக்குக் கடும் அதிர்ச்சி எங்கே நேருகிறது? திருவனந்தபுரத்தில் வாழும் நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. 1963 நவம்பர் 21 அன்று மாலை, நகருக்கு வடக்கே தும்பாக் கடற்கரையிலிருந்து 'நைக்கி அப்பாச்சி' ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அங்கிருந்த புனித மகதலேனா மரியாள் தேவாலயமே அன்றைய பணியிடம். இன்று அது விண்வெளிக் காட்சியகம். அவ்விடத்தில் வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கும் பல கட்ட ராக்கெட்டுகளில், எரிந்து முடிந்த கட்டத்தை வெடிமருந்துக் கருவிகள் நொடிப்பொழுதில் அறுத்துத் தள்ளுகின்றன. அப்போது எழும் அதிர்ச்சி, அருகில் உள்ள உறுப்புகளில், புவியீர்ப்பு முடுக்கத்தின் பல ஆயிரம் மடங்கை எட்டக்கூடும். இத்தகைய அதிர்ச்சியை அளக்கும் உணர்விகளில் பெரும்பாலும் இருப்பது இந்த அழுத்த மின்பொருளே. அளக்க வந்ததே உடைந்துவிட்டால் ராக்கெட் என்ன பட்டது என்பதை யார் சொல்வது?

திடீர்ச் சுமைக்கும் மெதுவாக ஏற்றும் சுமைக்கும் அப்படி என்ன வேறுபாடு? சாலைக் கடைத்தெருவில் சுருள்வில் தராசு ஒன்றைப் பாருங்கள். ஒரு கிலோ எடையை மெல்லத் தொங்கவிட்டால் முள் ஒன்றில் நிற்கும். அதே எடையைக் கொக்கியில் மாட்டிக் கையைச் சட்டென்று விட்டால், முள் ஏறத்தாழ இரண்டுவரை பாய்ந்து, ஊசலாடிப் பின்னரே அடங்கும். எடை ஒன்றே, ஆயினும் வில் பட்ட பாடு இருமடங்கு. விரிசல் நுனியிலும் இத்தகைய மீறல் உண்டு. அகன்ற பொருளின் நடுவேயுள்ள நேரான விரிசல்மீது இழுவை திடீரெனப் பாய்ந்தால், நுனியின் தகைவு, அதே இழுவையை மெல்ல ஏற்றும்போது உள்ளதைவிடக் கால் பங்குக்குக் குறையாமல் உயர்ந்து, பிறகே தணியும் என்று கணிதவியலார் கணக்கிட்டுள்ளனர்.

அடுக்குப் பொருளில் சிக்கல் இன்னும் மிகுதி. அதிர்வலை 0.1 மில்லிமீட்டர் ஏட்டைக் கடக்க, நொடியின் நான்கு கோடியில் ஒரு பங்கே ஆகிறது. பீங்கானும் பசையும் உலோகமும் வெவ்வேறு இறுக்கம் உடையனவாதலின், ஒவ்வோர் இணைப்பிலும் அலையின் ஒரு பகுதி எதிரொலிபோல் திரும்புகிறது. நெருக்கும் அலை, மென்மையான பொருளைச் சந்தித்தால், இழுக்கும் அலையாக மாறித் திரும்பும். நெருக்கினால் மூடிக்கொள்ளும் விரிசல், இழுத்தால் வாய் பிளக்குமன்றோ? முதல் அடி ஓயுமுன் இரண்டாம் அடியும் வந்து சேர்கிறது.

இனி மின்சாரத்தின் பங்கு. விரிசலுக்குள் இருப்பது காற்று. மின்புலத்தை ஏற்கும் திறனில் அது இப்பீங்கானின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே மின்புலம் விரிசலைச் சுற்றி வளைந்து, நுனியில் குவிகிறது. உலோகப் பூச்சு கட்டியின் நடுவே முடிவுறும் ஓரங்களிலும் இதே குவியல் உண்டு. விரிசல் தொடங்க அவை வாய்ப்பான இடங்கள். மின்புலம் எப்போதும் பகையன்று என்பது வியப்பு. 1995-இல் வெளியான ஒரு சோதனையில், பீங்கானின் துருவத் திசையில் மின்புலம் செலுத்தியபோது அது குறைந்த சுமையில் உடைந்தது. எதிர்த்திசையில் செலுத்தியபோது கூடுதல் சுமையைத் தாங்கியது. எல்லாச் சோதனைகளும் இம்முடிவுக்கு உடன்படவில்லை. ஆதலால் இதனை மட்டும் நம்பி எவரும் கருவி செய்யத் துணியார்.

அவர்கள் நம்புவது எளியதொரு திருகாணியை. பீங்கான் வளையங்களை அடுக்கி, நடுவே எஃகுத் திருகாணி செலுத்தி, இரு முனையிலும் இறுக முடுக்கிவிடுகின்றனர். அடுக்கு முழுவதும் முன்கூட்டியே நெருக்கத்தில் இருப்பதால், திரும்பிவரும் இழுப்பலை முதலில் அந்த நெருக்கத்தைத் தீர்த்தாக வேண்டும். அதற்கு மேல் எஞ்சும் இழுவையே விரிசலைத் தொட முடியும்.