பியானோ எங்கேப்பா?

சத்தம் போடாமல் உள்ளே வாங்க, டேப் ஓடிக்கொண்டிருக்கிறது! 1952 ஆகஸ்ட் 16, லாஸ் ஏஞ்சலிஸின் லாரல் கேன்யன் மலைப்பகுதி. இது ஸ்டூடியோ இல்லை, ஒலிப்பதிவாளர் ஃபில் டுரெட்ஸ்கியின் வீடு. இருக்கிறதெல்லாம் ஒரு ஆம்பெக்ஸ் ரெக்கார்டர், ஒரே ஒரு மைக். நம்ம தெருமுனைக் கூட்டத்துக்கே நாலு மைக் கேட்பார்கள்!

அதோ, செம்பட்டைத் தலையோடு நிற்கிற ஒல்லிப்பிச்சான்தான் ஜாஸ் கலைஞர் ஜெர்ரி மல்லிகன். வயது 25. தோளில் தொங்குகிற பாரிடோன் சாக்ஸபோன் அவரையே கீழே இழுத்துவிடுமோ என்று நமக்குப் பதறுகிறது. பக்கத்தில் ட்ரம்பெட்டோடு 22 வயது செட் பேக்கர். காதால் கேட்டே வாசிக்கிற அசுரன். பேஸில் பாப் விட்லாக், டிரம்ஸில் சிக்கோ ஹாமில்டன்.

பியானோ எங்கே? இல்லவே இல்லை! இவர்கள் வாசித்துவந்த ‘தி ஹெய்க்’ என்ற குட்டி கிளப்புக்கு ரெட் நார்வோவின் ட்ரியோ வந்தது. அதில் பியானோவுக்கு வேலை இல்லாததால் தூக்கிவிட்டார்கள் என்பது ஊரறிந்த கதை. ஆனால் பியானோ இல்லாத குழுவை மல்லிகன் நியூயார்க்கிலேயே முயன்று பார்த்திருக்கிறார். அதனால் எனக்கென்னவோ ஆசாமி உள்ளுக்குள் துள்ளிக் குதித்திருப்பார் என்றுதான் படுகிறது.

பியானோ போல கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, அடுக்கித்தர ஆளில்லை என்றால் என்ன செய்வது? அஸ்திவாரத்தை பேஸ் பார்த்துக்கொள்கிறது. செட் சோலோ வாசிக்கும்போது மல்லிகன் சும்மா நிற்பதில்லை. அடியில் புகுந்து இன்னொரு மெட்டை முணுமுணுக்கிறார். மல்லிகனின் முறை வந்தால் செட் அதையே திருப்பிச் செய்கிறார். சில இடங்களில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் ஓடுகிறார்கள் பாருங்க, அங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது! எல்லாவற்றுக்கும் அடியில் சிக்கோவின் பிரஷ் உஸ் உஸ் என்று உரசிக்கொண்டே இருக்கிறது.

அன்று பதிவானவை ‘பெர்னீஸ் ட்யூன்’, ‘லல்லபை ஆஃப் த லீவ்ஸ்’. மற்ற பாட்டுகள் அக்டோபரில் சேர்ந்தன. ரிச்சர்ட் பாக் புதிதாகத் தொடங்கிய பசிபிக் ஜாஸ் கம்பெனியின் முதல் பத்து அங்குல எல்பி தயார்! 1953 பிப்ரவரியில் ‘டைம்’ பத்திரிகையே இவர்களைப் பற்றி எழுதியது.

‘பெர்னீஸ் ட்யூன்’ மூன்று நிமிடம்கூட இல்லை. முதல் தடவை செட்டை மட்டும் கேளுங்க. அடுத்த தடவை, அடியில் மல்லிகன் என்ன சேட்டை பண்ணுகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு பிடியுங்க!