அப்பா அம்மாவுக்கு சூட் ரூம் எடுக்கும் முன்

முகூர்த்த நாள் நெருங்கினால் கோவை அவினாசி ரோட்டிலும் ரேஸ்கோர்ஸிலும் உள்ள பெரிய ஓட்டல்களில் ரூம் கிடைப்பது சிரமம். மகாசிவராத்திரிக்கும், கொடிசியாவில் பெரிய கண்காட்சி நடக்கும் வாரத்திலும் இப்படித்தான். அங்கே வந்து தங்கும் பெரியவர்களில் பலருக்கு ரூம் போட்டதும் பணம் கட்டியதும் வேறொருவர். மகன் சிங்கப்பூரிலோ மகள் பெங்களூரிலோ இருந்து போனில் புக் செய்திருப்பார்கள். கோபியிலிருந்தோ காங்கேயத்திலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ அப்பாவும் அம்மாவும் வந்து இறங்குவார்கள். சொந்தத்தில் ஒரு கல்யாணம், கண்புரை ஆபரேஷன், மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்ப்பது, பேரப்பிள்ளையைப் பார்க்க விமானம் ஏறுவதற்கு முந்தின ராத்திரி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காலமெல்லாம் தோட்டத்திலும் தறியிலும் பாடுபட்டவர்கள், இரண்டு நாளாவது வசதியாக இருக்கட்டும் என்பதுதான் பிள்ளைகளின் நினைப்பு.

நல்ல நினைப்புதான். ஆனால் பணம் கட்டியவர் ஓரிடத்தில், தங்குபவர் வேறிடத்தில் என்பதால் வரும் சிக்கல்களைப் பலரும் யோசிப்பதில்லை. நம் பெரியவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். ராத்திரி போன் போட்டுக் கேட்டால், "நல்லாத்தான் இருக்குது கண்ணு, நீ கவலப்படாத" என்பார்கள். இத்தனை காசு கட்டியிருக்கிறானே, சொன்னால் மனசு கஷ்டப்படுவானே என்ற எண்ணம் அவர்களுக்கு. ஏசி ஓடாததும், பாத்ரூமில் கால் வழுக்கியதும், என்னவென்று தெரியாமல் ஏதோ ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டதும் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துப் பேச்சுவாக்கில்தான் வெளியே வரும். அதற்குள் பில்லும் போயிருக்கும், சாட்சியும் போயிருக்கும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை பணம் கட்டியதால் பெற்றோருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கொடுத்தவர் மட்டுமல்லாமல், அவருடைய சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். ஆகவே அறையில் தங்கிய அம்மா தன் பெயரிலேயே புகார் கொடுக்கலாம். இதற்கு வசதியாக, முன்பதிவில் தங்குபவர் பெயர் என்ற இடத்தில் பெற்றோரின் பெயரை ஆதாரில் உள்ளபடியே போட்டுவிடுங்கள். பிள்ளையின் பெயர் மட்டும் இருந்தால் ரிசப்ஷனில் ஒரு தகராறு, பிற்பாடு புகாரில் ஒரு தகராறு என்று இரண்டு வேலை.

'சூட்' என்று பெயர் போட்டுவிட்டாலே தனி ஹால், தனி படுக்கையறை இருந்தாக வேண்டும் என்று நுகர்வோர் சட்டம் எதையும் வரையறுக்கவில்லை. ஓர் ஓட்டலில் இரண்டு அறை கொண்டது சூட். இன்னொன்றில் பெரிய அறையின் மூலையில் ஒரு சோபா போட்டால் அதுவும் சூட். ஜூனியர் சூட், எக்ஸிக்யூட்டிவ் சூட் என்பதெல்லாம் அந்தந்த ஓட்டல் வைத்துக்கொண்ட பெயர்கள். நட்சத்திரமும் ஓரளவு அப்படித்தான். மத்திய சுற்றுலா அமைச்சகம் குழு அனுப்பிப் பார்வையிட்டு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரமும், அதற்கு மேல் ஐந்து நட்சத்திர டீலக்ஸ் தகுதியும் தருகிறது. அந்தத் தகுதி ஐந்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அதற்கு விண்ணப்பிப்பது ஓட்டலின் விருப்பம். புக்கிங் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் மின்னும் நட்சத்திரங்கள் அமைச்சகம் கொடுத்தவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. "அமைச்சகச் சான்றிதழ் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை?" என்று கேட்டால் சான்றிதழ் வைத்திருக்கும் ஓட்டல் தயங்காமல் சொல்லும்.

அமைச்சகத்தின் விதிமுறைகளில் பெரியவர்களுக்குப் பயன்படும் ஒரு பகுதி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று குறைந்தது ஓர் அறை வேண்டும். அதன் கதவு சக்கர நாற்காலி நுழைய ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நுழைவாயிலில் வழுக்காத சாய்தளம் வேண்டும். மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்கும் அம்மாவுக்கு, பன்னிரண்டாவது மாடி சூட்டைவிட இந்த அறை எவ்வளவோ மேல். கேட்டால்தான் கொடுப்பார்கள். பலர் கேட்பதே இல்லை.

பாத்ரூமைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அறையின் தரம் உயர உயரப் பளிங்குத் தரையும் பாத்டப்பும் வந்துவிடுகின்றன. சில சூட்களில் ஷவர் பாத்டப்புக்குள்ளேயேதான் இருக்கும். முழங்கால் உயரத் தொட்டிச் சுவரைத் தாண்டிக் காலை வைத்து, சோப்பு நுரையில் நின்று குளித்து, மறுபடி தாண்டி வெளியே வர வேண்டும். எழுபது வயதில், சர்க்கரையால் பாதம் மரத்துப் போன ஒருவரை அந்த இடத்தில் நிற்க வைப்பது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். தரை மட்டத்தில் தனி ஷவர், சுவரில் கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் பிடிமானம், வழுக்காத மிதியடி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், வாளியும் செம்பும் ஆகியவை உண்டா என்று கேளுங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் எத்தனை அடி, வழியில் படி உண்டா, ராத்திரி விளக்கு எரியுமா, கட்டில் உயரம் எவ்வளவு, லிஃப்டிலிருந்து அறை எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். போனில் கேட்டு வைத்துக்கொள்வதோடு விட்டுவிடக் கூடாது. ஓட்டலின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு எழுதி, பதில் வாங்கி வையுங்கள். தருவதாக ஒப்புக்கொண்ட சேவையில் குறை வைத்தால் அது சட்டப்படி சேவைக் குறைபாடு. அந்த மின்னஞ்சல்தான் பிறகு உங்கள் ஆதாரம்.

அதிக வாடகை வாங்கும் இடத்துக்கு அதற்கேற்ற பொறுப்பும் உண்டு என்பதை நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. 1972-இல் டெல்லி ஓபராய் இன்டர்கான்டினென்டல் ஓட்டலின் நீச்சல் குளத்தில் குதித்த ஒரு ஜெர்மன் விமானி, தலை அடித்தளத்தில் மோதி உடல் செயலிழந்தார். 1997-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு அளித்தது. ஐந்து நட்சத்திர ஓட்டல் வாங்கும் உயர்ந்த கட்டணத்துக்குள் விருந்தினரின் பாதுகாப்பும் அடங்கும், ஆகவே அது காட்ட வேண்டிய கவனமும் மிக உயர்ந்தது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வழக்குத் தொடுத்தவர் இடையில் இறந்துவிட்டதால் வழக்கு நிலைக்காது என்று 2002-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது உண்மைதான். ரத்தானதற்குக் காரணம் அவருடைய மரணம். பாதுகாப்புப் பற்றிச் சொன்ன நியாயம் இன்றும் யோசிக்கத் தக்கது. அறையில் யாராவது விழுந்துவிட்டால் தரையைப் படம் எடுங்கள். நடந்ததை ஓட்டலின் பதிவேட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் எங்கே, எப்படி விழுந்தார் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இனி அப்கிரேடு. இலவச அப்கிரேடு என்பது பெரும்பாலும் காலி இருந்தால் தருவது. உறுப்பினர் அட்டைக்குக் கிடைக்கும் சலுகையும் பல நிறுவனங்களில் அந்த உறுப்பினரே வந்து தங்கினால்தான் செல்லும். பெற்றோர் மட்டும் போனால் கிடைக்காமல் போகலாம். இதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பணம் கட்டி வாங்கும் அப்கிரேடில் கவனிக்க வேண்டியது வரி.

2024 செப்டம்பரில் கொடிசியாவில் நடந்த கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18% என்று அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன் மத்திய நிதியமைச்சரிடம் எடுத்துச் சொன்னது ஊரெல்லாம் பேச்சானது. ஓட்டல் அறையிலும் அப்படி ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18%. 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770 ரூபாய். ரிசப்ஷனில், "இருநூறு ரூபாதாங்க சார் கூட, சூட்டே தந்துடறோம்" என்றால் வாடகை 7,600, வரியோடு 8,968. இருநூறு ரூபாய் என்று சொன்னது பில்லில் 1,198 ரூபாய் ஆகிவிடும். இதோடு, முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை 7,500-க்கு மேல் வாடகைக்கு விட்ட ஓட்டல் என்றால், உள்ளே இருக்கும் ரெஸ்டாரன்ட் பில்லுக்கும் 18% வரி. வெளியே சாதாரண ரெஸ்டாரன்டில் 5%. நீண்ட நாள் சிகிச்சைக்காகத் தங்குபவர்களுக்கு இது பெரிய தொகை. எந்த அப்கிரேடு என்றாலும் "எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். என் சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம் கூடுதல் கட்டணத்துக்குக் கையெழுத்து வாங்க வேண்டாம் என்று மின்னஞ்சலில் ஒரு வரி சேர்ப்பதும் நல்லது.

சேரன் எக்ஸ்பிரஸில் விடியக்காலை வந்து இறங்குபவர்களுக்குப் பகல் வரை அறை கிடைக்காமல் லாபியில் உட்கார வேண்டி வரும். சீக்கிரம் செக்இன் செய்யக் கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்வைப்புத் தொகைக்குக் கார்டு கேட்பார்கள். ஆன்லைனில் பணம் கட்டிய அதே கார்டைக் காட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. அப்பாவின் பையில் இருப்பது ஏடிஎம் கார்டும் கொஞ்சம் ரொக்கமும்தான் என்பதை முன்னாலேயே சொல்லி ஏற்பாடு செய்துவிட வேண்டும். அடையாளத்துக்குக் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

"இந்த விலையில் ஒரே ஒரு ரூம்தான் பாக்கி" என்று செயலி பயமுறுத்துவதும், முதலில் ஒரு விலை காட்டிப் பணம் கட்டும் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கட்டணம் சேர்ப்பதும், கேட்காமலே இன்சூரன்ஸை நுழைப்பதும் வெறும் வியாபாரத் தந்திரம் என்று விட்டுவிட வேண்டாம். 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட 13 ஏமாற்று வடிவங்களைத் தடை செய்திருக்கின்றன. பொய் அவசரமும், சொட்டுச் சொட்டாக ஏற்றும் விலையும், கூடையில் திணிப்பதும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பவருக்கு இந்த வழிகாட்டுதல் உதவும்.

இதைவிட மோசமானது போலித் தளம். பிரபல ஓட்டலின் படங்களையே போட்டு, தேடுதலில் முதலில் வரும்படி செய்து, வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு அனுப்பிப் பணம் பறிப்பார்கள். கணக்கு ஓட்டல் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனிநபர் பெயரில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஓட்டலிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்டால் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடமும் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை 4 வழிகாட்டுதல்களை 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. காரை வேலட் பார்க்கிங்கில் சாவியோடு ஒப்படைத்த பிறகு அது காணாமல் போனால், 'உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்திருப்பதை மட்டும் காட்டி ஓட்டல் தப்ப முடியாது. டெல்லி தாஜ்மகால் ஓட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் இதைத் தெளிவாக்கியது. ஆனால் அறையில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்குவதை எடையளவுச் சட்டத்தின் கீழ் குற்றமாக்க முடியாது என்று அதே நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. இலவச பாட்டில் எது, காசு பாட்டில் எது என்று முதல் நாளே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

குறை நேர்ந்தால் அன்றைக்கே டியூட்டி மேனேஜரிடம் சொல்லி, வேறு அறையோ பணமோ கேளுங்கள். அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். செயலி வழியாகப் புக் செய்திருந்தால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் நிறுவனத்தோடு பேசி முடித்துவைக்கப் பார்ப்பார்கள்; உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஓட்டலையும் செயலியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுத் தப்பாமல் இருக்க.

ஓட்டல் கோவையில் என்பதற்காகக் கோவைக்கே வந்து மனு கொடுக்க வேண்டியதில்லை. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. கோபியில் இருக்கும் அம்மா ஈரோட்டிலும், காங்கேயத்தில் இருக்கும் அப்பா திருப்பூரிலும் மனு கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நடக்க முடியாதவர்கள் விசாரணையைக் காணொளி வழியாக நடத்தும்படி ஆணையத்திடம் கேட்டுக்கொள்ள 38-ஆவது பிரிவு இடம் தருகிறது.