மோதலும் வினையும்

'வினை' என்னும் சொல் தமிழில் பொருள் வளம் மிக்கது. செயலையும் குறிக்கும்; இலக்கணத்தில் சொல்வகை ஒன்றையும் குறிக்கும். ஒரு பொருள் தன் இயல்பு திரிந்து வேறொரு பொருளாக மாறும் நிகழ்வுக்கு வேதியியலார் இச்சொல்லையே பெயராக்கினர். அவ்வினை நிகழும் முறையை ஈண்டுக் காண்போம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நொடியில் பல நூறு கோடி முறை பிறவற்றோடு மோதுகின்றது. மோதலின்றி அவற்றிடையே வினை இல்லை. ஆயினும் மோதல் யாவும் வினையாவதில்லை. அவ்வாறு ஆகுமெனின், நம் நூலகத்து நூல்களெல்லாம் காற்றுப் பட்ட கணமே எரிந்து சாம்பலாகியிருக்கும்.

வினை நிகழ இரண்டு வேண்டும். முதலாவது, போதிய ஆற்றல். மோதும் மூலக்கூறுகளுக்குக் குறிப்பிட்ட அளவு ஆற்றலேனும் இருந்தால்தான் பழைய பிணைப்புகள் தளர்ந்து புதியன தோன்றும். இதனைக் 'கிளர்வு ஆற்றல்' என்பர். ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் 1889இல் இக்கருத்தை விளக்கினார். ஜெர்மனியில் மாக்ஸ் டிராட்ஸ் 1916இலும், பிரிட்டனில் வில்லியம் லூயிஸ் 1918இலும் தனித்தனியே மோதல் கொள்கையை வகுத்தனர்.

இரண்டாவது, பொருந்திய திசை. நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறு தன் நைட்ரஜன் முனையால் ஓசோனைத் தொட்டால் வினை நிகழும். ஆக்சிஜன் முனையால் மோதினால் வாளா விலகும். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடுமிடத்தே புணர்ச்சி அமைவதாக இலக்கண வகுப்பில் நாம் கற்பிப்பதனோடு இதனை ஒப்பிடலாம்.

இவ்வுண்மை நம் அடுக்களையிலும் உண்டு. கசிந்த சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஆதலின் தரையோரம் தங்கும். அங்கே அதன் மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு ஓயாது மோதிக்கொண்டே இருக்கும். எனினும் கிளர்வு ஆற்றல் இன்மையால் இரவு முழுதும் ஒன்றும் நிகழாதிருக்கலாம். நோன்புக் காலத்தில் சஹர் நேரத்தில் எழுந்தவுடன் நம் கை முதலில் நாடுவது விளக்கின் சுவிட்சையே. அதில் தெறிக்கும் சிறு பொறி சில மூலக்கூறுகளுக்கு அவ்வாற்றலை அளித்துவிடும். அவை எரிந்து வெளியிடும் வெப்பம் அண்டையிலுள்ளவற்றைக் கிளர்த்தும். அவை மேலும் பலவற்றைக் கிளர்த்தும். இமைப்பொழுதில் அறை முழுதும் வெடித்துத் தீப்பற்றும்.

எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை உணர்த்தவே மணப்பொருள் சேர்க்கின்றனர். அந்நாற்றம் எழுந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தீக்குச்சி உரசலாகாது. கதவு, சன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, அனைவரும் வெளியேறுதல் வேண்டும். காற்றோட்டம் வாயுவின் செறிவைக் குறைக்கும். பொறியைத் தவிர்த்தல் ஆற்றலை மறுக்கும். வினைக்கு வேண்டியவற்றை இவ்வாறு நாம் விலக்கிவிடுகின்றோம்.

கிளர்வு ஆற்றல் என்பது தேர்வு விடைத்தாளில் எழுதி மறக்கும் சொல்லன்று. மாணவச் செல்வங்கள் விடுமுறையில் இல்லம் செல்லுங்கால், இதனைத் தம் அன்னையர்க்கு எளிய தமிழில் எடுத்துரைப்பாராக. கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்குமாயின், அதனினும் சிறந்த பயன் வேறென்ன வேண்டும்?